பிரதானி தோள் கொடுத்த கதை

முன்னே ஒரு காலம். எவ்வளவு முன்னே என்று கேட்டால் கதை சொல்கிறவர்களிடம் பதில் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதை விசயகண்டர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். குடிகளை வதைக்க மாட்டார், ஏரி குளங்களைக் கவனிப்பார், வழக்கு வந்தால் இரண்டு தரப்பையும் கேட்பார். பலாப்பழத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு நிதானம் தவறிவிடும்.

அந்த வருஷம் மலையடிவாரத்திலிருந்து வண்டி நிறையப் பலாப்பழம் வந்து இறங்கியது. ராஜா சுளைகளைத் தேனில் தொட்டுத் தொட்டுத் தின்றார். மறுநாள் வயிறு கல்லாகிவிட்டது. அரண்மனை வைத்தியர் ஓமத்தையும் சுக்கையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சில நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் சபை கூடவில்லை.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஊர் அதை அவ்வளவோடு விடவில்லை. ராஜாவுக்கு அடுத்தது யார் என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் அரிகண்டன், மல்யுத்தத்தில் சூரன், கோபக்காரன். நடுவிலே பெண் உலகம்மை, கணக்கிலும் சட்டத்திலும் தகப்பனுக்கே யோசனை சொல்லக்கூடியவள். கடைசிப் பிள்ளை சோமகண்டன். அவனுக்கு மாடு கன்றுகள் போதும், சமையலறை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

செக்கடியிலும் படித்துறையிலும் வெற்றிலைக் கடையிலும் இந்த மூன்று பெயர்களைத் தவிர வேறு பேச்சில்லை. பெரியவருக்குப் புதுக் குடை தைக்கக் கொடுத்திருக்கிறதாம், அப்படியானால் அவர்தான் என்றார்கள். கஷாயக் கிண்ணத்தை மகள் கையிலிருந்துதான் ராஜா வாங்கிக் குடித்தாராம், அப்படியானால் அந்த அம்மாள்தான் என்றார்கள். சின்னவர் சும்மா இருக்கிறாரே, சும்மா இருக்கிறவர்தான் ஆபத்து என்றும் சிலர் சொன்னார்கள். ராஜாவுக்குச் சவரம் செய்கிறவர் வழியில் தென்பட்டால் போதும், மகாராஜா முகம் எப்படி இருக்கிறது என்று பத்துப் பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

ராஜாவுக்குக் குணமாயிற்று. ஒரு காலை வேளை நந்தவனத்தில் மெல்ல உலாவ வந்தார். அங்கே கூண்டில் ஒரு கிளி உண்டு. ராஜாவைப் பார்த்ததும் அது தலையைச் சாய்த்துக்கொண்டு, "அடுத்தது யாரு? பெரியவரா, சின்னவரா?" என்று கேட்டது.

ராஜா நின்றுவிட்டார். கிளி தானாக எதையும் பேசாது. பல பேர் பல தடவை அதன் எதிரே நின்று இதையே பேசியிருக்க வேண்டும். சபை கூடாத நாட்களில் அந்த நந்தவனத்தில் காத்துக் கிடந்தவர்கள் யார்? அவருடைய சபைக்காரர்கள்தான்.

அன்றைக்கே சபையைக் கூட்டினார். கூண்டோடு கிளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"இந்தக் கிளிக்குப் பாடம் சொன்னவர் யார்?" என்று கேட்டார்.

கிளி மட்டும் இன்னொரு தடவை கேட்டது. யாரோ இருமினார்கள்.

"எனக்கு வந்தது வயிற்றுவலி. நீங்கள் எனக்குக் கொள்ளியே வைத்துவிட்டு மேற்கொண்டு வேலை பார்த்திருக்கிறீர்கள்" என்றார் ராஜா. குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. "உங்களில் யார் யார் என் பிள்ளைகளில் எவர் பக்கம் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

பிரதானி திருமலைக்கொழுந்து எழுந்து நின்றார். ராஜ்யத்தில் ராஜாவுக்கு அடுத்த அதிகாரம் அவருடையது. உயரமான ஆள். அங்கவஸ்திரம் தோளிலிருந்து எப்போதும் நழுவாது.

"மகாராஜா, இந்தச் சபையில் அனைவரும் தங்கள் பக்கமே. வேறு பக்கம் ஒன்று இருப்பதையே நாங்கள் அறியோம். ஆயினும் மூன்று மாளிகைகளுக்கும் கேள்விமுறையின்றிப் போய்வருகிறவர் ஒருவர் உண்டு. அவருக்குத் தெரியாமல் இராது" என்று சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்தவர் வேம்பையன். சபையின் விகடகவி. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவருக்கு உத்தியோகம். ராஜாவை எந்த நேரத்திலும் போய்ப் பார்க்கலாம் என்ற உரிமை அவருக்கு இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே பிரதானிக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"வேம்பையரே, உமக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லும்" என்றார் ராஜா.

வேம்பையன் எழுந்திருப்பதற்குள் பிரதானி குறுக்கிட்டார். "அடியேனின் விண்ணப்பம் ஒன்று. விகடகவி தமக்கு வேண்டாதவர் பெயர்களையெல்லாம் அடுக்கிவிட்டால் என்ன செய்வது? ஆகவே அவர் வாயிலிருந்து ஒரு பெயரும் வரலாகாது. மகாராஜா தம் கண்ணாலேயே காணும்படி செய்யட்டும். செய்ய இயலாவிட்டால், கிளிக்குப் பாடம் சொன்னவர் அவரே என்று வைத்துக்கொள்ளலாம்."

ராஜா இருந்த மனநிலையில் அதுவும் நியாயமாகவே பட்டது. "அப்படியே ஆகட்டும். வசந்தத் திருவிழா ஊர்வலம் முடிவதற்குள் எனக்குக் காட்டும். முடியாவிட்டால் ஆற்றைக் கடந்து போய்விடும். திரும்பி வர வேண்டாம்" என்றார்.

வேம்பையன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பொறி எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது வாசலைத் தாண்டும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. பெயர் சொன்னால் ஆணையை மீறியதாகும். சொல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும்.

வீட்டில் அவருடைய மனைவி நாச்சி முழுக்கதையையும் கேட்டாள்.

"வாயை வச்சுப் பொழைக்கிற ஆளு நீங்க. அந்த வாயையே கட்டிப் போட்டுட்டாங்களா?"

"ஆமா."

"அப்ப அம்மியைத் தூக்கிக்கிட்டுப் போறதா, இங்கேயே விட்டுட்டுப் போறதா?"

"இரு. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கு."

"எங்கண்ணன் ஊரு ஆத்துக்கு அந்தாண்டதான். போனா வேணாம்னு சொல்ல மாட்டாரு. ஆனா எங்க மதினி கையால ஒரு வேளைக்கு மேல எனக்குச் சோறு இறங்காது. அதையும் மனசுல வச்சுக்கிட்டு யோசிங்க" என்றாள்.

வேம்பையன் முதலில் அரிகண்டனுடைய மாளிகைக்குப் போனார். வாசலில் முன்பு ஒரு காவல்காரன் நிற்பான். இப்போது ஒரு கூட்டமே நின்றது.

"வாரும் வேம்பையரே" என்றான் அரிகண்டன். "என்னை யாரும் அசைக்க முடியாது, தெரியுமா? பிரதானியாரே தேடி வந்தார். 'காலம் வரும்போது இந்தத் தோள் தங்களுக்குத்தான்' என்று தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். படையை நடத்தும் தளவாய் கரியமாணிக்கமும் தோள் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறார். இன்னும் எத்தனையோ பேர்."

"சந்தோஷம். தங்கையும் தம்பியும் சௌக்கியமா?"

அரிகண்டன் முகம் சுருங்கியது. "யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கம் நான் போவதில்லை."

அடுத்தபடியாக உலகம்மையின் மாளிகைக்குப் போனார். அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஓர் அதிரசத்தைப் பிட்டுப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாவெறுப்பாகத் தின்றது.

"பூனைக்கு அதிரசம் பிடிக்குமா, தாயே?"

"பிடிக்காது. ஆனாலும் தின்றுதான் ஆகவேண்டும்" என்றாள் உலகம்மை. "தம்பி சோமு அனுப்பியது. சின்ன வயதில் என் தட்டில் இருப்பதைத்தான் எடுத்துத் தின்பான், தன் தட்டில் கை வைக்க மாட்டான். இப்போது அவன் கொடுத்ததைப் பூனைக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரதானியார் அப்படித்தான் எச்சரித்துவிட்டுப் போனார்."

"பிரதானியார் இங்கும் வருகிறாரா?"

"வந்தார். பெண் ஆண்டால் நாடு செழிக்கும் என்றார். தோள் கொடுக்கிறேன் என்று தொட்டுக் காட்டினார்."

வேம்பையனுக்கு எதையும் விகடமாகப் பார்த்துத்தான் பழக்கம். அந்த அதிரசத் துணுக்கைப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேச்சு வெறும் வம்புப் பேச்சாக இருந்தவரை பாதகமில்லை. இப்போது அது ஒரு வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் யாராவது ஒருவர் பயத்தில் கத்தியை எடுத்தால் அப்புறம் எந்த விகடமும் உதவாது.

சோமகண்டன் மாட்டுத் தொழுவத்தில் இருந்தான். "எனக்குச் சிம்மாசனம் வேண்டாம், ஐயா. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் நடிக்கிறான் என்கிறார்கள். சொல்லாவிட்டால் ஆசைப்படுகிறான் என்கிறார்கள். அண்ணன் வீட்டு ஆட்கள் என்னைக் கண்டால் வாளில் கை வைக்கிறார்கள்" என்றான்.

"பிரதானியார் வந்து தோள் கொடுக்கிறேன் என்றாரா?"

சோமகண்டன் திகைத்துப்போனான். "உமக்கு எப்படித் தெரியும்?"

வேம்பையன் விடைபெற்றுக்கொண்டு தொழுவத்தை விட்டு வந்தார். மூவருக்கும் ஒரே தோள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விகடகவி பிழைப்புக்காக மூட்டிவிடுகிறார் என்று பிரதானி ஒரே வார்த்தையில் அடித்துவிடுவார்.

வெளியே புங்கமரத்தடியில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் உட்கார்ந்து ஒருவர் தோளுக்கு ஒருவர் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தோளிலும் பெரிய காய்ப்பு. வேம்பையன் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னப்பா, திருவிழாவுக்குத் தயாராகுறீங்களா?"

"எங்களுக்கு ஏதுங்க திருவிழா" என்றான் மூத்தவனான மொக்கையன். "பல்லக்குக்குக் கீழே முதுகை வளைச்சுக்கிட்டுப் போறோம். முன்னால போறவன் குதிகால்தான் தெரியும். அம்மன் எந்தப் பட்டு கட்டியிருந்துச்சுன்னு வீட்டுல பொம்பளைங்க சொல்லித்தான் கேட்டுக்கறது. எங்களுக்குப் பதிலா யாராச்சும் ஒரு நாள் தோள் குடுத்தா நாங்களும் ஓரமா நின்னு பார்ப்போம். யாரு குடுப்பா?"

வேம்பையன் அவனுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"குடுக்கிறேன்னு நிறையப் பேரு சொல்லியிருக்காங்க, மொக்கையா. கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

வந்த வழியே திரும்பி மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்தார். மூவரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். "திருவிழாவன்று தூக்குகிறவர்களுக்கு விடுப்புக் கொடுத்துவிடுங்கள். தோள் கொடுக்கிறேன் என்று வாக்குத் தந்த பெரிய மனிதர்கள் இத்தனை பேர் இருக்கும்போது கூலித் தோள் எதற்கு? அவர்களையே கூப்பிடுங்கள்." தன் பலத்தை ஊரறியக் காட்டலாம் என்று அரிகண்டனுக்கு அது பிடித்துப்போயிற்று. உலகம்மை சற்று யோசித்து, "வருகிறார்களா என்று நானும் பார்க்க வேண்டும்" என்றாள். தூக்குகிறவர்கள் ஒரு நாளாவது திருவிழா பார்க்கட்டும் என்று சோமகண்டன் ஒப்புக்கொண்டான். மற்ற இருவரும் இதையே செய்யப்போகிறார்கள் என்பது மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

திருவிழா நாள் வந்தது. வழக்கப்படி அரண்மனையிலிருந்து அம்மன் கோயிலுக்கு ஊர்வலம் போகும்; ராஜா யானைமேல் முன்னே போவார். பின்னால் பிள்ளைகளின் மூன்று பல்லக்குகளும், அவற்றுக்குப் பின்னே சபைக்காரர்களும் போவார்கள். அரண்மனை வாசலில் எல்லாம் தயாராக இருந்தது. மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஊர் ஜனம் நெருக்கியடித்து நின்றது. மொக்கையனும் அவன் கூட்டமும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மனைவி மக்களோடு முன்வரிசையில் நின்றார்கள்.

பல்லக்கைத் தொட ஆளில்லை. யானைமேலிருந்து ராஜா திரும்பிப் பார்த்தார். "ஏன் தாமதம்?"

அரிகண்டன் பல்லக்கில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். "தந்தையே, என் ஆட்களுக்கு இன்று விடுப்புக் கொடுத்தேன். எனக்குத் தோள் கொடுப்பதாக வாக்களித்த பெரியோர் பலர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வந்து தூக்கட்டும்."

சபைக்காரர்கள் வரிசையில் ஓர் அசைவும் இல்லை. முன்னே போனால் ராஜா பார்ப்பார். போகாவிட்டால் நாளைக்கு ராஜாவாகப் போகிறவர் மறக்க மாட்டார். பிரதானி கணக்குப் போட்டுப் பார்த்தார். அரசகுமாரனுக்குச் சேவை செய்வது மரியாதை என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. "பாக்கியம்" என்று சொல்லிக்கொண்டே போய் முன்கம்பில் வலது தோளைக் கொடுத்தார். பின்கம்புக்குத் தளவாய் கரியமாணிக்கம் வந்தார். அவர் குட்டை. இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். பல்லக்கு எழுந்து, முன்னால் உயர்ந்து பின்னால் தாழ்ந்தது. அரிகண்டன் பல்லக்கின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது சோமகண்டனின் குரல் கேட்டது. "என் ஆட்களுக்கும் விடுப்புதான், தந்தையே. எனக்கும் தோள் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்." சொல்லிவிட்டு அண்ணனுடைய பல்லக்கைப் பார்த்தான். "பிரதானியாரே, அது எனக்குத் தருவதாகச் சொன்ன தோளல்லவா? இடதா வலதா என்று நான் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்."

"வலதுதான்" என்றாள் உலகம்மை தன் பல்லக்கிலிருந்து. "என்னிடம் சொல்லும்போது தொட்டுக் காட்டினார். நானும் இன்று அவரை நம்பித்தான் வந்திருக்கிறேன்."

அரிகண்டன் திரைச்சீலையை விலக்கிக் கீழே குனிந்து பார்த்தான். "அந்தத் தோள் இப்போது என் கம்புக்குக் கீழே இருக்கிறது" என்றான் மெதுவாக.

பிரதானியின் அங்கவஸ்திரம் நழுவிக் காலடியில் கிடந்தது. எடுக்கக் கை இல்லை. தளவாய் நிலைமை தெரிந்து பின்கம்பை விட்டுவிட்டுச் சோமகண்டனின் பல்லக்குக்கு ஓடினார். அதற்குள் உலகம்மை அவரைப் பார்த்துவிட்டதால் பாதி வழியில் நின்றார். வரிசையில் மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேர் மூன்று பல்லக்குகளுக்கும் நடுவே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். யாருக்கும் வாக்குக் கொடுக்காதவர்கள் மட்டும் தங்கள் இடத்தில் நிம்மதியாக இருந்தார்கள். அது ஒரு சிறிய கூட்டம்.

"ஐயா, மூச்சை அடக்காதீங்க" என்று முன்வரிசையிலிருந்து மொக்கையன் சொன்னான். "காலை மாத்திப் போடுங்க. பழகினா வலிக்காது."

ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ராஜா சிரிக்கவில்லை. யானைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா" என்றார் பிரதானி, வியர்வை வழிய. "அரச குடும்பம் முழுமைக்கும் என் தோள் என்னும் பொருளிலேயே அடியேன்..."

"கம்பை இறக்காமல் பேசும்" என்றார் ராஜா.

சொல்லி முடித்ததும் அவருடைய வயிறு குலுங்கியது. படுக்கையிலிருந்து எழுந்த பிறகு அவர் சிரிப்பது அதுதான் முதல் தடவை. அடக்க முடியாமல் சிரித்தார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து யானை இரண்டடி நகர்ந்தது.

உலகம்மை பல்லக்கை விட்டு இறங்கி நேரே தம்பியிடம் போனாள். "நீ அனுப்பிய அதிரசத்தைப் பூனைக்குப் போட்டேன், சோமு" என்றாள்.

சோமகண்டனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவன் கண் கலங்கியது. "பூனை என்ன சொன்னது?"

"நன்றாகத்தான் இருக்கிறது."

"வெல்லம் தூக்கலாகப் போய்விட்டது. நானே சுட்டேன்" என்றான் அவன்.

அரிகண்டன் சாய்ந்த பல்லக்கிலிருந்து குதித்தான். தங்கையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். "நடந்தே போவோமா?" என்று மட்டும் கேட்டான். மூன்று பேரும் யானைக்குப் பின்னால் சேர்ந்து நடந்தார்கள்.

"பல்லக்குகள் என்ன ஆவது, மகாராஜா?" என்று கேட்டார் வேம்பையன்.

"தோள் கொடுத்தவர்கள் தூக்கி வரட்டும். மூவருக்கும் கொடுத்தவர்கள் தெருவுக்கு ஒரு பல்லக்காக மாற்றிக்கொள்ளட்டும்" என்றார் ராஜா.

அன்று ஊர்வலம் முழுவதும் அந்தப் பெரிய மனிதர்கள் காலிப் பல்லக்குகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அம்மன் பச்சைப் பட்டு கட்டியிருந்ததை மொக்கையன் தன் கண்ணால் பார்த்தான்.

மறுநாள் சபையில் ராஜா பிரதானியிடமிருந்து முத்திரை மோதிரத்தை வாங்கிக்கொண்டு, சொந்த ஊருக்குப் போய்த் தோப்பைக் கவனிக்கச் சொன்னார். தளவாயை எல்லைக் கோட்டைக்கு அனுப்பினார். பிறகு வேம்பையன் பக்கம் திரும்பினார்.

"உம் வாயால் ஒரு பெயரும் சொல்லாமல் காட்டிவிட்டீர். உமக்கு ஒரு பல்லக்குத் தருகிறேன். பிரதானியார் ஊருக்குப் போகுமுன் உம்மைத் தூக்கிக்கொண்டு வீட்டில் விட்டுவிட்டுப் போகட்டும்."

"வேண்டாம், மகாராஜா" என்றார் வேம்பையன். "பாதித் தெருவில் நான்காவதாக யாராவது கூப்பிட்டால் என்னைப் போட்டுவிட்டு அங்கே போய்விடுவார். எனக்கு நடந்து போகத் தெம்பு இருக்கிறது."

ராஜா மறுபடியும் சிரித்தார். "அது போகட்டும். நீர் யார் பக்கம்? அதைச் சொல்லும்."

"மகாராஜா சிரித்தால் எனக்குச் சோறு. சிரிக்காவிட்டால் பட்டினி. நான் என் வயிற்றின் பக்கம்."

ராஜா தம் கையிலிருந்த கடகத்தைக் கழற்றி அவருக்குப் போட்டார். ஆற்றங்கரையில் நல்ல நன்செய் நிலமும் எழுதிக் கொடுத்தார். வேம்பையன் கேட்டுக்கொண்டபடி, வருஷா வருஷம் திருவிழாவன்று பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு விடுப்பு என்றும், அன்றைக்கு அரச குடும்பம் நடந்தே வரும் என்றும் ஆணை போட்டார்.

வேம்பையன் வீட்டுக்கு வந்தபோது நாச்சி கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிலம் எந்தப் பக்கம், தண்ணீர் பாயுமா என்று விசாரித்தாள். அப்புறம் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து கிட்டே நின்றாள்.

"அதெல்லாம் சரி. அடுத்தது யாருங்க? பெரியவரா, அந்தப் பொண்ணா?"

வேம்பையன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"முதல்ல சோத்தைப் போடு" என்றார்.

நாச்சி இலை போட்டுச் சோறு பரிமாறினாள். குழம்பையும் ஊற்றினாள். ஊற்றிவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பதில் வருகிறவரை அவள் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.